சுவான்ஜோவில் சிவன் கோயில் இருக்கிறதா? இரண்டு நாளில் எதை, எங்கே பார்ப்பது?

"சீனாவின் சுவான்ஜோ நகரத்தில் சோழர் கட்டிய சிவன் கோயில் இருக்கிறதாமே? வேலையாகச் சியாமென் போகிறேன். இரண்டு நாள் ஒதுக்கினால் பார்த்துவிட்டு வரமுடியுமா? வேறு என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிற்கிற கோயில் எதுவும் அங்கே கிடையாது. கோபுரம், கருவறை என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கோயில் இருந்தது, இடிந்தது. அதன் கற்கள் ஊருக்குள் பல இடங்களில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சில புத்தர் கோயிலில் தூணாக நிற்கின்றன, சில கடல் தெய்வத்தின் கோயிலில், மீதி அருங்காட்சியகத்தில். எங்கே நின்று எதைப் பார்ப்பது என்று தெரியாதவர் அவற்றின் பக்கத்திலேயே நடந்து போயும் கவனிக்காமல் திரும்பிவிடுவார். ஆகவே உங்கள் கேள்வியை "அந்தக் கோயிலின் கற்களை எங்கெங்கே தேடுவது" என்று மாற்றிக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

சோழர் என்ற பேச்சை முடித்துவிடலாம். கோயிலுக்கு நமக்கு இருக்கும் உறுதியான ஆதாரம் 1956-இல் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டு. அதன் கடைசியில் சீன எழுத்தில் ஒரு வரியும் உண்டு. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம் என்று நாள் குறித்திருக்கிறது. அதாவது 1281 ஏப்ரல். சோழ அரசு 1279-இல் முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் அப்போது ஓங்கியிருந்தவர்கள் பாண்டியர்கள். மதுரையில் முதலாம் மாறவர்மன் குலசேகரன் காலம். சீனாவில் மங்கோலியரான குப்ளாய் கான். சோழர்கள் 1015, 1033, 1077 ஆண்டுகளில் சீன அரசவைக்குத் தூது அனுப்பியது உண்மை. அந்தத் தூதுகளையும் இந்தக் கல்வெட்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டதில்தான் "சோழர் கட்டிய கோயில்" பிறந்தது. நடுவில் 200 ஆண்டு ஓடியிருக்கிறது.

கல்வெட்டு சொல்வது இவ்வளவுதான்: செகசைகான் திருமேனிக்கு நன்றாக, அவருடைய பர்மான் படி, சம்பந்தப் பெருமாள் என்பவர் உடையார் நாயனாரை, அதாவது சிவனை, எழுந்தருளச் செய்தார். செகசைகான் என்பது செச்சென் கான் என்ற மங்கோலியப் பட்டப் பெயர், குப்ளாய்க்கு உரியது. 'பர்மான்' பாரசீகச் சொல், அரசாணை என்று பொருள். சுவான்ஜோவிலிருந்த தமிழர், மங்கோலிய அரசனின் நலத்துக்காக, பாரசீகச் சொல்லைத் தமிழ் எழுத்தில் வெட்டியிருக்கிறார் என்றால் அந்தத் துறைமுகத்தில் எத்தனை மொழி புழங்கியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். இதை வைத்து "குப்ளாய் கான் சிவன் கோயில் கட்டினார்" என்பது மிகை. அனுமதி அரசனுடையது, செய்தது சம்பந்தப் பெருமாள். இறைவன் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'திருக்கதலீசுவரம்' என்று படித்தவர்கள் உண்டு, 'திருக்கானீச்சுரம்' என்று படித்தவர்களும் உண்டு. முதலாவது கதலி, அதாவது வாழை. இரண்டாவது கானின் பெயரால் அமைந்த ஈச்சுரம். ராஜராஜேச்சரம் போல அரசன் பெயரால் கோயிலை அழைக்கும் நம் வழக்கத்துக்கு இரண்டாவது நன்றாகவே பொருந்தும். ஆனாலும் பொருந்துகிறது என்பதற்காக அதுவே முடிவு என்று சொல்லிவிட முடியாது.

கோயில் எங்கே நின்றது என்பதும் ஊகம்தான். பிறநாட்டு வணிகர்கள் பழைய நகரத்தின் தெற்கே, ஆற்றை ஒட்டிக் குடியிருந்தார்கள்; கோயிலும் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கும் என்பது பெரும்பாலானவர்களின் கருத்து. எப்போது இடிந்தது என்று நேரான பதிவு இல்லை. பின்புலம் மட்டும் தெரியும். 1357 முதல் 1366 வரை அங்கிருந்த பாரசீகப் படையினர் கலகம் செய்தார்கள். அது அடங்கியபோது பிறநாட்டார் மீது வெறுப்பு மிஞ்சியது. அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வாணிகத்தைத் தடை செய்தது. கப்பல் வராத ஊரில் வணிகருக்கு என்ன வேலை? கவனிப்பாரில்லாத கோயில், மசூதி, கல்லறைகளின் கற்கள் நகர மதில் கட்டவும் பழுது பார்க்கவும் போயின. 20-ஆம் நூற்றாண்டில் சாலைக்காக மதிலை இடித்தபோதுதான் உள்ளே இருந்த சிற்பங்கள் வெளிவந்தன. வூ வென்லியாங் என்ற உள்ளூர் ஆசிரியர் கல்லுடைப்பவர்களிடமிருந்து அவற்றைப் பல ஆண்டு சேகரித்து வைத்தார். அவர் இல்லாவிட்டால் பாதி ஜல்லியாகியிருக்கும்.

இனி நடையைக் கட்டலாம். முதல் நாள் காலை கையுவான் கோயிலிலிருந்து தொடங்குங்கள். 686-இல் தோன்றிய புத்தர் கோயில் இது. முற்றத்தின் இரு பக்கமும் நிற்கும் எண்கோணக் கல் கோபுரங்களைத்தான் எல்லாரும் படம் பிடிப்பார்கள். மேற்கே உள்ளது 1228 முதல் 1237 வரையிலும், கிழக்கே உள்ளது 1238 முதல் 1250 வரையிலும் கட்டியவை. கிழக்குக் கோபுரம் சுமார் 48 மீட்டர், மேற்கே உள்ளது 44. இரண்டும் 1604-இல் வந்த பெரிய நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றவை. மர வேலைப்பாட்டை அப்படியே கல்லில் பெயர்த்திருக்கும் விதத்தைக் கூரை விளிம்புகளில் பாருங்கள்.

உங்களுக்கு வேண்டியது நடு மண்டபத்தில் இருக்கிறது. அதன் முன்னே ஊதுபத்தி ஏற்றும் மேடை ஒன்று உண்டு. அதில் ஏறிவிடாமல், முதலில் கீழே நின்று அதன் அடிப்பகுதியைச் சுற்றிப் பாருங்கள். கரும்பச்சைக் கல்லில் எழுபதுக்கும் மேற்பட்ட சிறு சிற்பங்கள் வரிசையாகப் பதித்திருக்கும்: சிங்கம், சிங்க உடலில் மனித முகம். வழிகாட்டிகள் இதை எகிப்தோடு முடிச்சுப் போடுவார்கள். நம் கோயில்களில் புருஷாமிருகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எகிப்து வரை போக வேண்டியிருக்காது. பிறகு மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போங்கள். முன்னால் கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்புகிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அங்கே நடுவில் இரண்டு தூண்கள் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும். மற்றவை வழவழப்பான உருளைத் தூண்கள். இவை பதினாறு பட்டை வைத்து, இடையிடையே சதுரம் விட்டு, ஒவ்வொரு சதுர முகத்திலும் ஒரு வட்டத்துக்குள் ஒரு காட்சியைச் செதுக்கியவை. தூணுக்கு 12 வீதம் மொத்தம் 24 வட்டங்கள்.

அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மடியில் கிடத்தி இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மரை உடனே கண்டுபிடித்துவிடலாம். ஆற்றில் குளிக்கும் ஆயர் பெண்களின் சேலையைக் கவர்ந்து மரத்தில் ஏறிய கண்ணன், இரட்டை மருத மரத்துக்கு நடுவே புகும் குழந்தைக் கண்ணன், மல்லரோடு மற்போர், முதலையிடமிருந்து யானையைக் காக்கக் கருடன் மேல் வரும் திருமால் எல்லாம் உண்டு. ஆனால் 24-உம் நம் கதைகள் அல்ல. பந்தாடும் சிங்கம் போன்ற அசல் சீன அலங்காரமும் அதே தூணில் இருக்கும். கல் உள்ளூர்க் கல். உடுப்பையும் முகத்தையும் பார்த்தால் செதுக்கிய கையும் உள்ளூர்க் கைதான் என்று தோன்றும். யாரோ ஒரு தமிழர் பக்கத்தில் நின்று கதை சொல்ல, சீனச் சிற்பி செதுக்கியிருப்பார் என்று கற்பனை செய்யத் தடையில்லை. கற்பனை என்ற நினைவு இருந்தால் போதும். மிங் காலத்தில் இந்த மண்டபத்தைப் புதுப்பித்தபோது இடிந்த கோயிலின் தூண்களை இங்கே கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். தாழ்வாரம் வடக்குப் பார்த்தது, பெரும்பாலும் நேர் வெயில் விழாது. ஃபிளாஷ் போட்டால் கல் பளபளத்துச் செதுக்கல் மறைந்துவிடும். அணைத்துவிட்டு, பக்கவாட்டில் நின்று எடுங்கள்.

சிவன் கோயில் என்கிறோம், தூணில் முழுக்கக் கண்ணனும் திருமாலுமாக இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு கோயில் இருந்திருக்கலாம் என்பது ஒரு கட்சி. சிவன் கோயில் மண்டபத் தூணில் திருமால் கதைகளைச் செதுக்குவது தமிழ்நாட்டிலேயே சாதாரணம், ஆகவே ஒரே கோயிலே போதும் என்பது இன்னொரு கட்சி. என் சாய்வு இரண்டாவது பக்கம். அடித்தளத்தைத் தோண்டியெடுக்காத வரை இது தீராது.

கையுவான் வளாகத்துக்குள்ளேயே கிழக்கு ஓரமாக ஒரு கப்பல் கூடம் உண்டு. 1974-இல் ஹௌஜு துறையில் சேற்றிலிருந்து எடுத்த கப்பலின் அடிப்பாகம் அங்கே இருக்கிறது. மிஞ்சிய நீளம் 24.2 மீட்டர், அகலம் 9.15 மீட்டர். குறுக்குப் பலகைகளால் 13 அறைகளாகத் தடுத்திருப்பதைப் பாருங்கள். ஒரு அறையில் ஓட்டை விழுந்து நீர் புகுந்தாலும் மற்ற அறைகள் மிதக்க வைக்கும். கிடைத்த காசுகளில் கடைசியானது 1271-ஐச் சேர்ந்தது; ஆக இது நம் கல்வெட்டுக்குச் சமகாலக் கப்பல். உள்ளே சுமார் 2,350 கிலோ வாசனை மரங்கள், கூடவே மிளகு, சோழி, ஆமையோடு. அடிமரப் பொருத்தில் ஏழு சிறு குழி தோண்டிக் காசும், ஒரு பெரிய குழியில் வெண்கலக் கண்ணாடியும் வைத்திருந்தார்கள். ஏழு விண்மீன்களும் நிலவும் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். வீட்டுக்கு நிலை வைக்கும்போது நாம் காசும் நவதானியமும் போடுகிற மாதிரிதான்.

அங்கிருந்து மேற்குத் தெரு வழியாகக் கிழக்கே நடந்து, தெற்கே திரும்பினால் தூமென் தெரு. அங்கே இருக்கிறது அஷாப் மசூதி. ஹிஜ்ரி 400-இல், அதாவது 1009-10-இல் கட்டி, ஹிஜ்ரி 710-இல் புதுப்பித்ததாக வாயிலின் பின்பக்க அரபு எழுத்து சொல்கிறது. உயர்ந்த கருங்கல் வாயிலைத் தாண்டினால் தொழுகைக் கூடத்தின் சுவர்கள் மட்டும் நிற்கும், மேலே வானம். பலகையில் 'சிங்ஜிங் மசூதி' என்று போட்டிருப்பார்கள். அந்தப் பெயர் 1131-இல் கட்டிய இன்னொரு மசூதிக்கு உரியது, பிற்காலத்தில் குழம்பி இதற்கு ஒட்டிக்கொண்டது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆகவே ஆண்டு மாறி மாறி வந்தால் குழம்ப வேண்டாம். பக்கத்திலேயே குவான்டி கோயில், புகையும் கூட்டமுமாக எந்நேரமும் இருக்கும். இன்னும் தெற்கே போனால் 1196-இல் தொடங்கிய தியன்ஹௌ கோயில். கடலோடிகளைக் காக்கும் மாசு தேவியின் கோயில் அது. அதன் பின்மண்டபத்தின் முன்வரிசையிலும் நம் கோயிலைச் சேர்ந்த பட்டைத் தூண்கள் இரண்டு உண்டு. கையுவானைப் பார்த்த கையோடு வந்தால் நீங்களே அடையாளம் கண்டுவிடுவீர்கள். எதிரே கிடப்பவை பழைய நகர மதிலின் தெற்கு வாயிலான தெஜி வாயிலின் அடித்தளங்கள். இவ்வளவும் நடந்தே பார்க்கும் தூரம். ஒரு பகல் சரியாக இருக்கும்.

இரண்டாம் நாளை அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். கிழக்கு ஏரிப் பக்கம் இருக்கும் கடல்வழித் தொடர்பு அருங்காட்சியகம், 1959-இல் தொடங்கியது. மதச் சிற்பங்களுக்கென்று தனிக் கூடம் உண்டு. நின்ற கோலத் திருமால், வாயில் நிலைகள், மாடத் துண்டுகள் என்று கோயிலின் உறுப்புகள் இங்கேதான் அதிகம். எல்லாவற்றிலும் ஒரு பலகையைத் தவறவிடக்கூடாது: லிங்கத்தின் முன்னே ஒரு யானை, தும்பிக்கையில் பூ. திருவானைக்கா தலபுராணம் தெரிந்தவருக்கு விளக்கம் வேண்டாம். லிங்கத்தருகே நிற்கும் பசுவைச் செதுக்கிய பலகையும் உண்டு. அதே கூடத்தில் தாமரை மேல் சிலுவை வைத்த நெஸ்தோரியக் கிறித்தவக் கல்லறைக் கற்களையும் பாருங்கள். அந்த ஊரின் குணம் அவற்றில் இன்னும் துலக்கமாகத் தெரியும். கல்வெட்டைப் பார்க்கவேண்டும் என்றால் அதன் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, நுழைவிலேயே காட்டிக் கேளுங்கள். அசலோ படியோ எது எங்கே காட்சியில் இருக்கிறது என்பது மாறக்கூடியது. திங்கட்கிழமை சீனாவில் அருங்காட்சியகங்கள் பொதுவாக மூடியிருக்கும், பயணத்தை அதற்கேற்ப வையுங்கள்.

அருங்காட்சியகத்துக்கு அருகில்தான் லிங்ஷான் குன்று. நபிகளின் சீடர் இருவர் அங்கே அடக்கம் என்பது மரபு. அவர்கள் வந்ததாகச் சொல்லும் காலம் 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்; அந்தக் கதை எழுத்தில் வருவதோ பல நூற்றாண்டு கழித்து, மிங் காலத்தில். உறுதியானது அங்கே இருக்கும் கற்கள்: 1322-இல் கல்லறைகளைப் பழுது பார்த்ததைச் சொல்லும் அரபுக் கல்வெட்டு, 1417-இல் கடற்பயணத்துக்கு முன் மிங் கடற்படைத் தலைவர் செங் ஹெ வந்து வழிபட்டதைச் சொல்லும் சீனக் கல்வெட்டு.

மாலைக்கு லோயாங் பாலம். நகரத்தின் வடகிழக்கே, ஆறு கடலில் சேரும் இடத்தில், 1053 முதல் 1059 வரை கட்டியது. வேலையை முடித்தவர் சை சியாங் என்ற ஆட்சியர். அலையும் வெள்ளமும் எதிரெதிராக மோதும் இடத்தில் தூண் நிற்காது. ஆகவே பாலத்தின் கோடு நெடுகிலும் ஆற்றுப் படுகையில் கல்லைக் கொட்டிப் பரப்பி, அந்த மேட்டின் மேல் படகு மூக்கைப் போல் கூர்மையான தூண்களை எழுப்பினார்கள். கற்களைப் பிணைக்கச் சாந்து நீரில் நிற்காது. அதற்குப் பதிலாக ஆளிச் சிப்பிகளை வளரவிட்டார்கள். அவை ஓடு ஓடாக ஒட்டி வளர்ந்து கல்லோடு கல்லை இறுக்கிவிட்டன. டன் கணக்கில் எடையுள்ள உத்தரக் கற்களைத் தெப்பத்தில் ஏற்றி, ஓதம் ஏறும்போது தூண்களுக்கிடையே கொண்டுபோய் நிறுத்தினால், நீர் வற்றும்போது கல் தானாகத் தூண் மேல் உட்கார்ந்துகொள்ளும். இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஓதம் வற்றிய நேரத்தில் போகவேண்டும். நீர் ஏறியிருந்தால் நீண்ட கல் பாதை மட்டும்தான் தெரியும். ஓத நேரத்தை முந்தின நாளே விடுதியில் கேட்டு வையுங்கள்.

நேரம் மிஞ்சினால் போகச் சில இடங்கள் உண்டு. சியூரி குன்றின் பாறைகளில், பருவக்காற்று நல்லபடி வீசவேண்டும் என்று அதிகாரிகள் வழிபட்டதைப் பொறித்த 10 கல்வெட்டுகள், 1174 முதல் 1266 வரை. சிங்யுவான் மலையடியில் தாவோ மதத்தின் மூலவராகப் போற்றப்படும் லாவோ சுவின் 5.63 மீட்டர் உயரச் சிலை. ஜின்ஜியாங் பக்கம் சாவோஆன் என்ற சிறு கோயிலில் மானிக்கேய மதத்தை நிறுவிய மானிக்கு 1339-இல் செதுக்கிய சிலை. அந்த மதம் உலகில் எங்குமே இல்லாமல் போன பிறகும் அந்தச் சிலை அங்கே புத்தராகக் கும்பிடப்பட்டு வருகிறது. அதே ஜின்ஜியாங்கில் செடியன் என்ற ஊரில் நான்கு கையோடு அமர்ந்த ஒரு பெண் தெய்வத்தை ஊரார் சீன பௌத்தத்தின் கருணைத் தெய்வமான குவான்யின் என்று வணங்குகிறார்கள். நம் பக்கத்து அம்மன் சிலைதான் அது என்பது ஆய்வாளர் கருத்து. எந்த அம்மன் என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. அங்கே போனால், "இது எங்கள் சாமி" என்று விளக்கப் புறப்படாமல் ஒரு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வாருங்கள். சுவான்ஜோவின் 22 இடங்கள் 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. அத்தனையையும் இரண்டு நாளில் தொட முயன்றால் ஒன்றும் மனசில் நிற்காது.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒன்று. மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் இந்த ஊரை ஜைத்தூன் என்றார்கள். அரபியில் அது ஆலிவ். ஆனால் ஊரில் ஆலிவ் இல்லை. இருந்தது மதிலைச் சுற்றி நட்ட சிதொங் மரம், பெயரொலி அப்படித் திரிந்துவிட்டது. சிதொங் வேறு எதுவும் அல்ல, நம் கல்யாண முருங்கை. தெருவோரத்தில் சிவப்புப் பூவோடு பார்த்தால் புரிந்துகொள்வீர்கள்.

கடைசியாக, போக்குவரத்து. சியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரம்தான். ஆனால் டிக்கெட் எடுக்கும்போது மூன்று இடத்தில் தவறு நடக்கும். குவாங்ஜோ வேறு ஊர், அங்கே போனால் 500 கிலோமீட்டர் தாண்டிப் போயிருப்பீர்கள். குவாங்சி மாகாணத்தில் ஆங்கில எழுத்தில் இதே பெயரோடு ஒரு சிற்றூர் இருக்கிறது. 'சுவான்ஜோ தெற்கு' என்ற நிலையம் அங்கும் உண்டு, நம் சுவான்ஜோ இருக்கும் ஃபுஜியான் மாகாணத்திலும் உண்டு. மூன்றாவது, ஃபுஜியானிலேயே 2023-இல் வந்த புதுப் பாதையின் நிலையங்கள் பழைய நகரத்திலிருந்து விலகியிருக்கின்றன. வெறுமனே 'சுவான்ஜோ' என்று இருக்கும் பழைய நிலையத்துக்கு எடுத்தால் கையுவானுக்குப் போவது எளிது. டிக்கெட்டுக்கும் அருங்காட்சியகத்துக்கும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். பணம் கட்டும் கைப்பேசிச் செயலிகளான அலிபே அல்லது வீசாட்டில் உங்கள் வங்கி அட்டையை ஊரிலேயே இணைத்துவிட்டுப் போங்கள். போகும் இடங்களின் பெயரைச் சீன எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால்தான் டாக்சிக்காரருக்குப் புரியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை நடப்பதற்குச் சுகமாக இருக்கும்.